மோட்சார்ட்டின் புகழுக்காக வீட்டார் இழந்தவை

கேள்வி: சிறுவயதில் தம்பி மோட்சார்ட்டுடன் (பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்) ஐரோப்பிய அரசவைகளில் இசை வாசித்த அக்காள் நானெர்ல், பின்னர் மேடையிலிருந்து விலகியது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: 1763 முதல் 1766 வரை நீண்ட பயணத்தில், ஹேக் நகரில் கடும் காய்ச்சல் கண்டு சாகும் தறுவாயில் இருப்போருக்குப் பாதிரியார் செய்யும் இறுதித் திருச்சடங்கு பெறும் நிலைக்குப் போய் மீண்டவர் அவர். ஆயினும் 1769 டிசம்பரில் தந்தை லெயோபோல்டு மகனை மட்டுமே இத்தாலிக்கு அழைத்துச் சென்றார். பதினெட்டு வயது மகள் தாயுடன் சொந்த ஊரான சால்ஸ்பர்க்கில் நிறுத்தப்பட்டார். திருமண வயதுப் பெண் மேடையேறுவதை அக்காலச் சமூகம் விரும்பவில்லை என்பதே முதன்மைக் காரணம் எனக் கருதுகிறேன்.

பதில் 2: ஐயா கூறியதுடன், மோட்சார்ட்டுக்காக இழந்தவர்களில் தாயையும் சேர்க்க வேண்டும். 1777இல் மகன் வேலை தேடிப் புறப்பட்டபோது, சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயரின் பணியிலிருந்த தந்தையால் உடன் செல்ல இயலாததால், அன்னா மரியா துணைக்குச் சென்றார். தந்தை கடனில் மூழ்க, நானெர்ல் பியானோ வகுப்பெடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பாரிசில் வெயில் எட்டாத அறையில் நாள்முழுதும் தனித்திருந்த தாய், 1778 ஜூலை 3 அன்று இறந்தார். மகனோ, அன்றிரவே தந்தைக்கு ‘தாய் கவலைக்கிடம்’ என்று மட்டும் எழுதிவிட்டு, உண்மையைப் பக்குவமாகச் சொல்லும்படி குடும்ப நண்பரான பாதிரியாருக்குத் தனிக்கடிதம் அனுப்பினார்.

கேட்டவர்: நன்றி. தந்தை பிற்பாடு அம்மரணத்திற்கு மகனையே குறைகூறியதாகப் படித்திருக்கிறேன். பயணத்தைத் திட்டமிட்டவரே அவர்தாம் என்பதால் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.