லேப்ராஸ்கோப்பி கருப்பை நீக்கத்துக்கு முன் பேதி மருந்து கொடுக்கத்தான் வேண்டுமா?

அகநோக்கி:
லேப்ராஸ்கோப்பி மூலம் (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவை) கருப்பையை நீக்கவிருக்கும் பெண்களுக்கு முதல் நாள் மாலை பேதி மருந்து கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்று எங்கள் மயக்கவியல் மருத்துவர் வற்புறுத்துகிறார். இருபது ஆண்டுகளாகக் கொடுத்துவரும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. காற்றும் மலமும் நிறைந்த பெருங்குடல் இடுப்புக்குழிக்குள் சரிந்துகொண்டே இருந்தால், கருப்பைத் தமனியையும் அதன் அடியில் ஓடும் சிறுநீர்க் குழாயையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. மேலும், தவறிக் குடல் துளைபட்டாலும், கழுவிய குடலாக இருந்தால் வயிற்றுக்குள் கசிவது குறைவு. இவ்விரண்டையும் மறுப்பவர் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

நூலிழை:
ஐயா, இரண்டையுமே மறுக்கிறேன். பார்வை தெளிவாகிறதா என்பதை 2006-இல் இத்தாலியில் 162 பெண்களிடம் சோதித்தார்கள். பேதி மருந்து குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இடையே அறுவைப் பகுதியின் காட்சியில் வேறுபாடு தெரியவில்லை. குடித்தவர்களுக்கு அவதிதான் கூடியது. 2014-இல் அமெரிக்காவில், லேப்ராஸ்கோப்பி கருப்பை நீக்கத்துக்கு வந்த 146 பெண்களில் பாதிப் பேருக்கு எனிமா கொடுத்து, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அறுவை மருத்துவரிடம் சொல்லாமல் ஊகிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஊகம் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிட அதிகம் தேறவில்லை. குடல் சுத்தமாக இருந்ததால்தான் நன்றாகத் தெரிந்தது என்று நாம் பின்னால் சொல்லிக்கொள்வதெல்லாம், கொடுத்தது நமக்கு முன்பே தெரியும் என்பதால் வரும் எண்ணம் என்றே நினைக்கிறேன்.

கசிவைப் பற்றி: பேதி மருந்து குடலை வெறுமையாக்குவதைவிட, உள்ளிருப்பதை நீர்த்துப்போகச் செய்வதே மிகுதி. கெட்டியான மலம் துளையருகே நின்றுவிடும். தண்ணீராக இருப்பது பரவும். குடலையே வெட்டி இணைக்கும் அறுவைகளில்கூட, 18 ஆய்வுகளையும் 5,805 நோயாளிகளையும் தொகுத்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பினுடையது), கழுவுவதால் இணைப்புக் கசிவு குறைவதாகக் காணவில்லை.

அகநோக்கி:
உங்களுக்குச் சாதகமானவற்றை மட்டும் அடுக்கியிருக்கிறீர்கள். 2013-இல் ஆஸ்திரேலியாவில் 308 பெண்களிடம் நடந்த ஆய்வில், சக்கை குறைந்த உணவோடு பேதி மருந்தும் எடுத்தவர்களிடம் காட்சி சற்று மேம்பட்டிருந்ததே! காக்ரேன் அறிக்கைக்குப் பிறகு காற்றும் திசை மாறியிருக்கிறது. பேதி மருந்துடன் வாய்வழி ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அமெரிக்கப் பெருங்குடல் அறுவை மருத்துவர்களே 2019-இல் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

மயக்கவியலான்:
நான் அறுவைத் திரையின் மறுபக்கத்தில் நிற்பவன். அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன். கருப்பை நார்த்திசுக் கட்டியால் மாதாமாதம் இரத்தம் இழந்து, ஹீமோகுளோபின் குறைந்து வரும் பெண்ணுக்கு இரவெல்லாம் பேதியானால், காலையில் உடலில் நீர் வற்றிய நிலையில் மேசைக்கு வருகிறார். வயிற்றில் வாயு ஏற்றித் தலையைத் தாழ்த்தி வைத்திருக்கும்வரை இரத்த அழுத்தம் ஓரளவு நிற்கும். வாயுவை வெளியேற்றி மேசையைச் சமமாக்கும்போதுதான் அது சரியும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் மோசம். மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த நீராகாரம் தரலாம் என்று நாங்கள் விதியைத் தளர்த்தியதே இந்த வறட்சியைத் தவிர்க்கத்தான். பேதிக்குக் குடிக்கும் சோடியம் பாஸ்பேட் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரித்ததையும் மறக்க வேண்டாம்.

வயிற்றைக் கழுவுவது உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியது. விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை இதை எதிர்த்துக் கேட்காது. கேட்கவில்லை என்பதால் அவதி இல்லை என்று ஆகிவிடாது.

நூலிழை:
ஆஸ்திரேலிய ஆய்வை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேம்பாடு மிகச் சிறியது. அதைவிடப் பெரிய வேறுபாட்டை நம் கையாலேயே உண்டாக்கலாம். இடது இடுப்பு விளிம்பில் சிக்மாய்டு குடலுக்கு (மலக்குடலுக்கு மேலுள்ள பெருங்குடல் பகுதி) இயல்பாகவே இருக்கும் ஒட்டுகளை விடுவித்துவிட்டு, அதன் கொழுப்புத் தொங்கல் ஒன்றில் ஒரு தையல் போட்டு வயிற்றுச் சுவரோடு தூக்கிக் கட்டினால் குடல் விலகி நிற்கும். அமெரிக்கப் பரிந்துரை குடலை வெட்டப்போகும் நோயாளிகளுக்கானது. மகளிர் லேப்ராஸ்கோப்பி அறுவைகளை மொத்தமாக எடுத்தால் குடல் காயம் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கே நேர்கிறது. அவற்றிலும் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் அன்று கண்ணில் படாதவை. மின்கருவியின் சூடுபட்ட இடம் சில நாள் கழித்துத்தான் ஓட்டையாகும். அதற்குள் அந்தப் பெண் இட்லியும் ரசம் சாதமும் சாப்பிட்டிருப்பார். முதல் நாள் கழுவிய குடல் அப்போது எங்கே இருக்கிறது?

அகநோக்கி:
இந்தக் கடைசி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மலக்குடல் கருப்பையின் பின்புறத்தோடு ஒட்டிக்கிடக்கும் ஆழ்ந்த எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளரும் நோய்) என் வழக்கத்தை விடமாட்டேன். அங்கே குடலை வெட்டவும் நேரலாம்.

நூலிழை:
அங்கே நானும் உங்களோடுதான் நிற்கிறேன். யோனிவழி ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ மலக்குடல் பாதிப்புத் தெரிந்தால், உடன் நிற்கும் குடல் அறுவை மருத்துவரைக் கேட்டுத்தான் நானும் முடிவெடுக்கிறேன். அறுவைக்குப் பின் விரைவில் தேறும் வழிகளை வகுக்கும் ஈராஸ் சங்கத்தின் மகளிர் புற்றுநோய் அறுவைக்கான 2019 வழிகாட்டுதலும், நுண்துளை அறுவைக்கு வழக்கமாகக் கழுவ வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

அகநோக்கி:
சரி. எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம் இல்லாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் நிறுத்திப் பார்க்கிறேன். மூன்று முறை சிசேரியன் ஆன ஒருவர் பட்டியலில் இருக்கிறார். அவருக்கு மட்டும் கொடுத்துவிடட்டுமா?

நூலிழை:
வேண்டாம், ஐயா. சிசேரியன் தழும்பில் நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் மேலேறி ஒட்டிய சிறுநீர்ப்பைதான். பேதி மருந்து அதை விலக்கித் தராது.