குமட்டலுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை

வைகைக்கரை எழுதியது:

வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். குமட்டல் அப்படி இல்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே என்னமோ புரண்டுகொண்டே இருக்கும், வாயெல்லாம் எச்சில் ஊறும். பார்க்கிறவர்களுக்கு நாம் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும். இதை மாதக்கணக்கில் அனுபவித்தவர்கள் எழுதினால், இப்போது அதில் கிடப்பவர்களுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். கைவைத்தியம், சித்தா, அக்குபிரஷர், மாத்திரை, எது செய்திருந்தாலும் எழுதுங்கள். கேட்காததையும் எழுதுங்கள், அதுவும் தெரியவேண்டும்.

என்னுடையது மசக்கை. இரண்டாவது பிள்ளைக்கு. ஆறாவது வாரத்தில் பிடித்தது. "மூணு மாசம் தாண்டினா விட்டுரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பலருக்கு அப்படித்தான் விடும், ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். எனக்கு ஐந்தாம் மாதம் வரை விடவில்லை. சோறு கொதிக்கிற மணம், கடுகு தாளிக்கிற மணம், கடைசியில் தலையில் வைக்கிற மல்லிகைப்பூகூட ஆகவில்லை. மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை மணத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

அத்தை முதலில் போட்டுத் தந்தது சுக்குமல்லிக் காபி. மிளகுக் காரம் வயிற்றை எரித்தது, அதனால் அதை விட்டுவிட்டு, தேனில் ஊறிய இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். லேசான நாட்களில் இது நிச்சயம் கேட்டது. இஞ்சியை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது, மசக்கைக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. பெரும்பாலும் நாளைக்கு 1 கிராம் அளவு சுக்குப் பொடியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், குமட்டல் ஓரளவு குறைந்தது. வாந்தியை நிறுத்துவதில் அவ்வளவு பலன் இல்லை. என் உடம்பும் அதையேதான் சொன்னது. கடுமையான நாளில் இஞ்சி போன வேகத்தில் திரும்பி வந்து தொண்டையை இன்னும் புண்ணாக்கியது.

நெல்பொரியை ஊறவைத்து வடித்த தண்ணீரில் ஏலக்காய் தட்டிப்போட்டு ஆறவைத்துக் குடித்தது நன்றாகத் தங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவில் மாதுளை மணப்பாகு கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்து கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்தேன். அந்தப் புளிப்பும் இனிப்பும் நாக்குக்குப் பிடித்திருந்தது. அப்பத்தா மயிலிறகைச் சுட்டுச் சாம்பலைத் தேனில் குழைத்துத் தரச் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத இறகின் சாம்பலைச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. அப்பத்தா கோபிக்கவில்லை, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொள்ளத் தந்தார். அது பெரிய உதவி.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புகளுக்கு நடுவே அழுத்துகிற புள்ளி ஒன்று உண்டு. அதற்கென்றே பொத்தான் வைத்த பட்டை விற்கிறது. ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. எனக்குக் காலையில் பல் துலக்கும் நேரத்தைக் கடத்த உதவியது, அதற்கு மேல் இல்லை. பாதகமும் இல்லை.

இவை எதுவும் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றவில்லை. தண்ணீரே தங்காமல் போனபோது சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இருப்பதாகச் சொல்லி டிரிப் ஏற்றினார்கள். டாக்சிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்ட பிறகுதான் எழுந்து உட்கார முடிந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடரச் சொன்னார்கள். அதுவும் வித்தியாசம் காட்டியது.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். "பிள்ளை வேண்டாம்னு மனசுக்குள்ள இருந்தா இப்படித்தான் குமட்டும்" என்று உறவில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அது வாந்தியைவிட அதிகமாக வலித்தது. 2023 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்தக் கடுமையான மசக்கைக்கு முக்கியக் காரணம் என்றும், கர்ப்பத்துக்கு முன்பு உடம்பில் அது குறைவாக இருந்தவர்களுக்குத் திடீரென ஏறும்போது தாங்குவதில்லை என்றும் அதில் காட்டியிருக்கிறார்கள். ஆய்வில் முன்நின்ற மார்லினா ஃபெய்ஸோ தானே இந்த மசக்கையில் கர்ப்பத்தை இழந்தவர். படித்தபோது அழுதுவிட்டேன். மனசில் எந்தக் குறையும் இல்லை, ரத்தத்தில்தான் இருந்தது.

கொங்குக்காரன் எழுதியது:

ஏனுங்க அக்கா, கடைசிப் பத்தியைப் படிச்சதும் எங்கம்மா ஞாபகம்தானுங்க வந்துச்சு. அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் ஏத்துனாங்க. ஏத்துற அன்னைக்கு நல்லாத்தான் இருப்பாங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் ஆளையே கீழ தள்ளும். அந்த மருந்துக்கு அது வழக்கம்தான்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்ததால நாங்க தயாரா இருந்தோமுங்க. குமட்டல் வந்தப்புறம் மாத்திரை போடாதீங்க, வர்றதுக்கு முன்னாடியே நேரம் பார்த்துப் போடுங்கன்னாங்க. இந்த ஒரு பேச்சை எல்லாரும் குறிச்சு வெச்சுக்கோணுமுங்க.

ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாந்து குடுத்தாங்க. நிலவேம்புக் கஷாயம், முள்சீத்தா இலைத் தண்ணி, பப்பாளி இலைச் சாறு. பாசத்துலதான் குடுத்தாங்க, குறை சொல்லலைங்க. ஆனா ஏற்கெனவே குமட்டுற வாய்க்கு நிலவேம்பு ஒத்து வருமுங்களா? ஒரு வாய் வெச்சதும் வெளிய வந்துருச்சு. கல்லீரல் ஏற்கெனவே மருந்தோட மல்லுக்கட்டிட்டு இருக்குது, இந்தச் சாறெல்லாம் இப்ப வேண்டாம், இஞ்சியும் எலுமிச்சையும் சமையல் அளவுக்குப் போதும்னாங்க டாக்டரம்மா.

வீட்டுல நாங்க கண்டுக்கிட்டது, சூடான சோத்துல மணம் கிளம்பும், ஆறுனதுல கிளம்பாது. அதனால குளிர்ந்த தயிர் சோறு, தொட்டுக்க நாரத்தங்காய். வாயெல்லாம் இரும்புத் துரு மாதிரி கசக்குதுன்னாங்க, எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து வெச்சுட்டு மரக்கரண்டியில குடுத்தோம். அம்மாவுக்குப் பக்கத்துல யாரும் தாளிக்கலை, சமையலையே சித்தி வீட்டுக்கு மாத்திட்டோம்.

ஒரு கட்டத்துல ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்ட ஆரம்பிச்சுருச்சுங்க, ஊசியே போடலை. இதுக்கும் வழி இருக்குது. முதல் நாள் ராத்திரியே பதற்றம் தணிக்கிற மாத்திரை ஒண்ணு குடுத்தாங்க. கூடவே அம்மா கண்ணை மூடிக்கிட்டு மூச்சை எண்ணுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து திருப்புகழ் பாடுவேன். எது கேட்டுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் வேணும்னுதான் எனக்குப் படுது.

தஞ்சை ஓய்வாசிரியர் எழுதியது:

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோயாளி. சாப்பிட்டு வெகுநேரம் கழித்தும் வயிறு நிறைந்தபடியே இருக்கும், மாலையில் குமட்டல், மதியம் உண்ட சோறு அப்படியே வெளிவரும். பித்தம் என்றார்கள். பித்தத்துக்கு இஞ்சிச் சாறும் தேனும், பிறகு கறிவேப்பிலைப் பொடி, பிறகு கீரையும் வரகும் சாமையும். எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை.

நாளாக நாளாக மோசமாகியது. கடைசியில், கதிரியக்கப் பொருள் சிறிதளவு கலந்த உணவைத் தந்து 4 மணி நேரம் வரை படம் எடுத்தார்கள். இரைப்பை காலியாகவே நெடுநேரம் ஆகிறது, சர்க்கரையால் அதன் நரம்பு தளர்ந்துவிட்டது என்று தெரிந்தது. இந்த நோய்க்கு நாரும் கொழுப்பும் எதிரி. ஊருக்கெல்லாம் நல்லது என்கிற கீரையும் சிறுதானியமும் என் வயிற்றில் கட்டியாகத் தங்கின. இப்போது குழைந்த பச்சரிசிக் கஞ்சி, மசித்த பருப்பு, இட்லி, வடிகட்டிய சூப் என்று சிறிது சிறிதாகப் பல வேளை. சாப்பிட்டதும் படுப்பதில்லை, தெருக்கோடி வரை நடக்கிறேன். சர்க்கரை ஏறினால் இரைப்பை இன்னும் மெதுவாகும் என்பதால் அதையும் கவனிக்கிறேன்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கியவுடன் குமட்டல் வருவது வேறு வகை. அதற்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவதும், மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவதும் பலருக்குப் போதும். இரண்டையும் ஒன்றாக எண்ணி யாரும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொருநை மகள் எழுதியது:

என் பையனுக்கு நாலு வயசுலருந்து. மாசத்துக்கு ஒருக்கா விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்து வாந்தி எடுக்க ஆரம்பிப்பான். நாள் முழுக்க எடுப்பான், முகம் வெளுத்து, லைட்டைப் போட்டா அழுவான். அடுத்த நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி சைக்கிள் ஓட்டுவான். அதனாலயே எல்லாரும் சாப்பாடு ஒத்துக்கலைன்னு விட்டுட்டாவ.

எங்க பக்கம் பிள்ளைக்கு வாந்தி நிக்கலைன்னா தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போவாவ. வயித்தை நீவி, வாயை வச்சு ஊதி, உள்ள சிக்கியிருந்த சோத்துப் பருக்கை, மாங்காத் துண்டுன்னு எடுத்துக் காட்டுவாவ. என் மாமியார் கூட்டிட்டுப் போனாவ. அன்னைக்குச் சாயங்காலமே வாந்தி நின்னுச்சு, எல்லாருக்கும் நம்பிக்கை. ஆனா இந்த வாந்தி எப்படியும் ஒரு நாள்ல தானா நிக்கிற வாந்தி. அடுத்த மாசம் அதே நேரத்துக்குத் திரும்பி வந்துச்சு. போன பிள்ளைகளை ஒரே துண்டால வாய் தொடச்சதைப் பார்த்ததுக்கு அப்புறம் நான் விடலை.

குழந்தை டாக்டர் முதல்ல கேட்டது, வீட்டுல யாருக்காவது ஒத்தைத் தலைவலி உண்டாம்மான்னு. எனக்கு உண்டு, எங்கம்மைக்கும் உண்டு. சுழற்சி வாந்தின்னு பேர் சொன்னாரு, ஒத்தைத் தலைவலிக்குச் சொந்தக்கார நோயாம், பெரிசானா இது போயி தலைவலி வர்ற பிள்ளைகளும் உண்டாம். குடல்ல அடைப்பு இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னாரு. தொடங்குன உடனே நாக்குல கரையுற ஆண்டன்செட்ரான்ங்கிற வாந்தி மாத்திரை, இருட்டறை, தூக்கம். மத்த நாள்ல பசியோட படுக்க விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. அவனுக்குக் கொடை விழா, பிறந்தநாள்னு சந்தோஷத்துல முழிச்சுக் கிடந்தாலும் வருது. இப்பம் தடுப்பு மருந்து ராத்திரிக்குக் குடுக்கோம், இடைவெளி நல்லாக் கூடியிருக்கு.

கைவைத்தியம்னு நான் விடாம செய்றது ஒண்ணுதான், நெத்தியில ஈரத்துணி. அவன் கேட்டு வாங்கிப் போட்டுக்கிடுவான்.

இரவுப்பணி நர்ஸ் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே பிடித்து மெதுவாக மூச்சிழுத்தால் குமட்டல் தணிகிறது. 2016-இல் அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு இதைக் காட்டியது. மருந்து வரும்வரை அந்தச் சில நிமிடங்களுக்கு நானும் இதைச் செய்யச் சொல்வதுண்டு. நாளெல்லாம் முகர்ந்துகொண்டிருக்க அல்ல.

வாந்தி வந்தவுடன் டம்ளர் நிறையக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து, ஓஆர்எஸ் தண்ணீரைச் சில நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி என்று கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி. உப்பு கூடக் கூடாது.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், காப்பித்தூள் போன்ற வாந்தி, வயிறு கல் போல இறுகுதல், தாங்க முடியாத தலைவலி, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழந்தை சோர்ந்து கண் சொருகுதல் என எது இருந்தாலும் வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். வாரக்கணக்கில் சாப்பாடு தங்காதவர்களுக்கு உடம்பில் தயாமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், அதனால் தயாமினை முதலில் கொடுக்க வேண்டும். மசக்கையில் நெடுநாள் கிடந்தவரை அழைத்து வரும்போது, "இத்தனை வாரமாச் சாப்பிடலை, பி1 வேணுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

புதிய உறுப்பினர் எழுதியது:

அக்கா, எனக்கு எட்டாவது வாரம். டாக்டர் அதே டாக்சிலமின் மாத்திரைதான் எழுதிக் கொடுத்தாங்க. குமட்டலுக்கு மாத்திரை போட்டா பிள்ளை ஊனமாப் பிறக்கும்னு மாமியார் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாங்க. அந்தக் காலத்துல நடந்திருக்காம். எனக்கும் பயமா இருக்கு.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, உன் மாமியார் சொல்வது பொய் இல்லை. அது தாலிடோமைடு. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது, கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள், கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகு 1961-இல் நிறுத்தினார்கள். அந்தப் பயம் தலைமுறை தாண்டி நிற்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உனக்கு எழுதியது அது இல்லை. இந்த டாக்சிலமின், பி6 சேர்மானத்துக்கும் வழக்கு மேல் வழக்கு வந்து, 1983-இல் அமெரிக்காவில் தயாரிப்பதையே நிறுத்தினார்கள். ஆய்வுகளில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை, 2013-இல் அங்கே திரும்ப அனுமதித்தார்கள். தூக்கம் வரும், அதனால்தான் பெரும்பாலும் ராத்திரிக்குக் கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. இதே கேள்வியை அவர்களே டாக்டரிடம் கேட்கட்டும். அவர்கள் கையால் நெல்பொரித் தண்ணீர் போட்டுத் தரச் சொல்லிக் குடி, மாத்திரையையும் போடு, ஒன்றுக்கொன்று தடையில்லை. நெல்பொரி நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். படுக்கைப் பக்கத்தில் நாலு வறண்ட ரஸ்க் வைத்துக்கொள், எழுந்து உட்காரும் முன்பே ஒன்று கடித்துவிடு. எடை குறைகிறதா, சிறுநீர் மஞ்சள் கூடுகிறதா என்று பார். நாளைக்கு எப்படி இருக்கிறாய் என்று எழுது.