நைலான் கயிறு புங்கையை அறுத்துவிட்டது: இளமரங்களுக்கு வேறு என்ன கட்டு போடலாம்?

மகிழம்பூ, அல்சூர் (மே, முதல் வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும், கொஞ்சம் அவசரம்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. போன ஜூனில் தெருக்காரர்கள் சேர்ந்து 14 கன்றுகள் வைத்தோம். புங்கை 8, மகிழம் 4, நாவல் 2. வைத்த அன்றே ஒவ்வொன்றுக்கும் ஆள் உயரச் சவுக்குக் கம்பு நட்டு, பச்சை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். கோடையிலும் தண்ணீர் தவறவில்லை. கயிற்றை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்ததே, அதில் ஒரு புங்கை முறிந்துவிட்டது. என் தலைக்கு மேல் வளர்ந்திருந்த மரம். கிட்டப் போய்ப் பார்த்தால், சரியாகக் கயிறு கட்டிய இடத்திலேயே முறிவு. கயிறு பட்டைக்குள் புதைந்திருக்கிறது. அதற்கு மேலே தண்டு மோதிரம் போட்ட விரல் மாதிரி வீங்கியிருக்கிறது, கீழே ஒல்லியாக இருக்கிறது. எங்கள் கையாலேயே கட்டியது. இரண்டு நாள் மனசே சரியில்லை.

மிச்சம் 13-ல் ஐந்துக்குக் கயிற்றுத் தடம் விழுந்திருக்கிறது. இரண்டில் கயிறு பாதி புதைந்தே போயிற்று. அதை இழுத்து எடுக்கலாமா? அப்புறம், இனிமேல் எதால் கட்டுவது? கட்டுவதற்கென்று புதிதாக பிளாஸ்டிக் வாங்க எனக்கு விருப்பமில்லை. தெருவில் பாதிப் பேர் பெரியவர்கள், அவர்கள் கைக்கும் வருகிற கட்டாக இருக்க வேண்டும்.

நாற்றங்கால்

முதலில் அந்த இரண்டு மரத்தையும் கவனியுங்கள், மேடம். புதைந்த கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். பட்டையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். வெளியே தெரிகிற இடத்தில் இரண்டு மூன்று இடமாக அறுத்து, தானாக வருகிற துண்டுகளை மட்டும் எடுங்கள். வராததை விட்டுவிடுங்கள். சுற்று அறுபட்டால் அப்புறம் நெரிக்காது. மரம் அதை மூடிக்கொண்டு வளரும். காயத்தில் சாணி, சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். காற்றாட இருக்கட்டும்.

நீங்கள் சொன்ன வீக்கத்துக்குக் காரணம் இதுதான். இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது பட்டையை ஒட்டி உள்ளே இருக்கும் ஃபுளோயம் வழியாக. வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது அதற்கும் உள்ளே, கட்டைப் பகுதியில். கயிறு பட்டையை நெரித்தால் முதலில் அடைபடுவது இறங்கும் வழி. சர்க்கரை கயிற்றுக்கு மேலேயே தங்கிவிடுவதால் அங்கே தண்டு பருக்கிறது, கீழே வேர் பட்டினி கிடக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் இலை மட்டும் பச்சையாகத் தெரியும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்குக் கம்பு வைத்து உச்சியில் இறுக்கிக் கட்டியது கயிற்றைவிடப் பெரிய தப்பு. தண்டு காற்றில் ஆடினால்தான் அடி பருக்கும். ஆட விடாமல் கட்டினால் மரம் உயரமாகும், பலமாகாது.

எல்லா மரத்துக்கும் மறுபடி கட்டு போட அவசரப்படாதீர்கள். இப்படிச் சோதித்துப் பாருங்கள். கட்டை அவிழ்த்துவிட்டு, இடுப்பு உயரத்தில் தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். அடியில் மண்ணும் சேர்ந்து அசைந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை, கம்பு வேண்டும். மண் அசையாமல் தண்டு மட்டும் வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் அதற்குக் கம்பே வேண்டாம்.

ஹலசூரு சைக்கிள்

அக்கா, நானும் உங்கள் பக்கம்தான். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி ஒட்டித் தேய்ந்த டியூப் மூட்டை கட்டிக் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பெரிய சைக்கிள் டியூப் ஒன்று கிட்டத்தட்ட 2 மீட்டர் நீளம். மூன்று துண்டாக வெட்டினால் மூன்று மரத்துக்கு ஆகும். தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, நடுவில் குறுக்கே மாற்றி, கம்பைச் சுற்றி, எட்டு வடிவத்தில் போடுங்கள். நடுவில் குறுக்கே போவதுதான் முக்கியம். மரமும் கம்பும் உரசிக்கொள்ளாமல் அதுதான் இடைவெளி விடும்.

முடிச்சு போட வேண்டாம் என்றால் டியூப்பின் ஒரு முனையில் பொத்தான் துளை மாதிரி ஒரு கீறல் போட்டு, மறுமுனையை அதில் நுழைத்து இழுக்கலாம். கீறலின் இரண்டு ஓரத்திலும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வட்டத் துளை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கீறல் என்றால் கூர்முனையிலிருந்து கிழிந்துகொண்டே போகும். வட்டத் துளையில் வந்து முடிந்தால் கிழிசல் அங்கேயே நின்றுவிடும்.

மகிழம்பூ

தம்பி, ரொம்ப நல்ல யோசனை. ஆனால் ஒரு பயம். ரப்பர் மட்காது. எங்கள் தெருவில் கட்டுவதற்கு 20 பேர் வந்தார்கள், அவிழ்க்க ஒருவர்கூட வரவில்லை. அடுத்த வருடமும் இதே கதை என்றால் டியூப்பும் ஒரு நாள் நெரிக்காதா? எனக்கு வேண்டியது, நாங்கள் மறந்தாலும் மரத்தைக் கொல்லாத கட்டு.

கொடிக்கால் பேத்தி

நீங்கள் கடைசியில் எழுதிய வரியைப் படித்ததும் என் அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. சோழவந்தான் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கொடி அகத்தியில் ஏற ஏற, ஒரு சாணுக்கு ஒரு கட்டாக வாழைநாரால் கட்டிக்கொண்டே போவார்கள். காய்ந்த நாரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு விரல் நுழைகிற மாதிரி தளர்வாகச் சுற்றி ஒரு முறுக்கு, அவ்வளவுதான். அந்தக் கட்டை யாரும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. கொடி வேர்விட்டு அகத்தியைப் பிடித்துக்கொள்ளும், நார் இற்று உதிர்ந்துவிடும். கட்டு எத்தனை நாள் தாங்க வேண்டுமோ அத்தனை நாள் தாங்குகிற பொருளால்தான் கட்டினார்கள்.

உங்கள் மரத்துக்கு வாழைநார் பற்றாது. பெங்களூரு மழையில் சில வாரத்தில் போய்விடும், மெல்லிசாக இருப்பதால் பட்டையையும் அறுக்கும். தேங்காய்நார்க் கயிறு இதற்கு நேர் எதிர், ரொம்ப நாள் உழைக்கும், சொரசொரப்பும் அதிகம். ஒரு மழைக்காலம் தாங்கி அடுத்த கோடையில் இற்றுப் போகிற அகலமான பொருள்தான் வேண்டும். பழைய பருத்திப் புடவை, வேட்டி, சணல் சாக்கு, இந்த வரிசையில் தேடுங்கள்.

பனியன் கம்பெனி

வரிசையில் என் ஊர்ச் சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் திருப்பூர், இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு தையல் யூனிட்டில் வேலை. பின்னலாடைத் துணி ரப்பர் மாதிரி இழுபடும், பருத்தியாக இருந்தால் மட்கவும் செய்யும். தண்டு பருத்தால் கொஞ்சம் வழிவிடும். மூன்று வருடமாக மாடியில் முருங்கைக்கும் மாதுளைக்கும் இதைத்தான் போடுகிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க நிற்கும். அடுத்த ஏப்ரலில் இரண்டு கையால் இழுத்தால் கிழிந்துவிடும்.

பழைய டீ-ஷர்ட் ஒன்றை எடுங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்காக, நான்கு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டுங்கள். பெரிய ஆள் சட்டை என்றால் தாராளமாக நான்கு வளையம் வரும். அகலத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் இழுபட்டு ஓரம் சுருண்டு மறுபடி கயிறாகிவிடும். படம் அச்சடித்த இடம் வேண்டாம், அந்தப் பூச்சு மட்காது.

வளையமாக வெட்டுவதில் ஒரு வசதி, முடிச்சே வேண்டாம். வளையத்தைத் தட்டையாகப் பிடித்து நடுப்பகுதியைத் தண்டுக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு முனையும் இரண்டு காது மாதிரி முன்னால் கம்பு பக்கம் வரும். இடது காதையும் வலது காதையும் குறுக்கே மாற்றி, ஒவ்வொன்றாகக் கம்பின் தலையில் மாட்டி இறக்குங்கள். தளர்வாக இருந்தால் மாட்டுவதற்கு முன் காதை ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கத்தி தேவையில்லை, மேலே தூக்கினால் வந்துவிடும். எழுபது வயதுக்காரரும் செய்யலாம்.

பருத்திதானா என்று மட்டும் சோதிக்காமல் கட்டாதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் நூல் உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் தரும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். கலப்புத் துணியில் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். விளையாட்டு ஜெர்சி எல்லாம் பாலியெஸ்டர்தான், அதைத் தொடவே வேண்டாம்.

நாற்றங்கால்

வளையக் கட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பைக் குட்டையாக வைக்கச் சொல்லி நான் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டுகிறேன். இதில் கம்பின் தலை வழியாக மாட்ட வேண்டியிருப்பதால் உயரக் கம்பு வைக்கவே தோன்றாது.

உயரத்தைக் கண்டுபிடிக்கும் வழி: தண்டை அடியில் இரண்டு விரலால் பிடித்து, விரலை மேலே நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பிடித்தால் மேல்பகுதி தானாக நிமிர்ந்து நிற்கிறதோ, அதற்கு 6 அங்குலம் மேலே கட்டு. கம்பு வேர்க்கட்டியைக் குத்தாமல் தள்ளி, ஒன்றரை அடி ஆழம் இறங்கட்டும். ஜூனிலிருந்து இங்கே மேற்குக் காற்றுதான் அதிகம். கம்பு மேற்குப் பக்கம் இருந்தால் காற்று மரத்தைக் கம்பில் மோதாமல் தள்ளிக்கொண்டு போகும்.

மகிழம்பூ (ஜூன்)

செய்து பார்த்தோம். ஆட்டிப் பார்த்ததில் 13-ல் 6 மரத்துக்குக் கம்பே தேவைப்படவில்லை! அவிழ்த்ததும் கொஞ்சம் சாய்ந்தன, நாலைந்து நாளில் நிமிர்ந்துகொண்டன. மீதி 7-க்கு இரண்டு பழைய பனியன் சட்டை போதுமானதாக இருந்தது. நெருப்புச் சோதனையில் எங்கள் வீட்டு டீ-ஷர்ட் ஐந்தில் மூன்று தோற்றுவிட்டது, பருத்தி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பழைய சவுக்குக் கம்புகளை இடுப்பு உயரத்துக்கு அறுத்துவிட்டோம்.

ஒரு சிக்கல். நேற்றைய மழைக்கு இரண்டு மரத்தில் வளையம் நனைந்து, கம்பில் வழுக்கி அடிவரை இறங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பனியன் கம்பெனி

நனைந்த பருத்தி கனக்கும், அதுதான். நான் மூங்கிலில் மாட்டுவதால் கணு தடுத்துவிடும், எழுத மறந்துவிட்டேன். உங்கள் சவுக்கில் வளையம் உட்காருகிற இடத்தில் அரிவாளால் சுற்றிலும் ஒரு பள்ளம் செதுக்குங்கள், விரல் கனத்தில் பாதி ஆழம் போதும். ஆணி அடிக்க வேண்டாம், தண்டு உரசும்.

ஹலசூரு சைக்கிள்

கம்பு மாற்றுவதாக இருந்தால் சிவாஜிநகர் பக்கம் மூங்கில் பஜாரில் கேட்டுப் பாருங்கள் அக்கா. கணுவுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

மகிழம்பூ (நவம்பர்)

பதில் சொன்ன எல்லாருக்கும் நிலவரம் சொல்ல வந்தேன். பள்ளம் செதுக்கிய பிறகு எந்த வளையமும் இறங்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஒரு மரமும் சாயவில்லை. ஏழில் நான்குக்கு வளையத்தைத் தூக்கி எடுத்தாயிற்று, தண்டில் தடமே இல்லை. எடுத்த துணியை வெட்டி உரக்குழியில் போட்டேன். மூன்றுக்கு இன்னும் அடி மண் கொஞ்சம் அசைகிறது, ஏப்ரல் வரை விடுகிறேன்.

கயிறு புதைந்த இரண்டு புங்கையில் ஒன்றில் பட்டை கயிற்றுத் துண்டின் மேலேயே ஏறி மூடிவிட்டது. இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது, ஆனால் புதுத் துளிர் விட்டிருக்கிறது.

மே மாதம் முறிந்ததே, அந்தப் புங்கையின் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். மூன்று கிளைகள் துளிர்த்து என் இடுப்பு உயரம் வந்துவிட்டன. எதை விடுவது, எதை வெட்டுவது?

நாற்றங்கால்

நல்ல காரியம் செய்தீர்கள். புங்கை அடியிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். பழைய வேர் முழுக்க அதற்குத்தான். மண்ணுக்குக் கிட்ட, கட்டையை உறுதியாகப் பிடித்திருக்கிற தடித்த கிளையை விடுங்கள். முறிந்த வாய்க்குப் பக்கத்தில் வந்தது சீக்கிரம் பிய்ந்துபோகும், அதை எடுத்துவிடுங்கள். மூன்றாவதைத் தைக்குப் பிறகு வெட்டினால் போதும். விடுகிற கிளை சாய்வாக இருந்தால் குழந்தைச் சட்டையில் வெட்டிய ஒரு சின்ன வளையம், ஒரு குட்டை மூங்கில். ஜூனுக்குள் எடுத்துவிடுங்கள்.

மகிழம்பூ

என் தங்கை மகனுடைய பழைய சட்டை ஒன்று இருக்கிறது. நூல் உருவி எரித்தும் பார்த்துவிட்டேன், பொடிச் சாம்பல்தான்.