சூடானால் நிற்கும் 1965 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: நாகர்கோவில் போய்ச் சேருமா?

தாம்பரம்65:

வணக்கம். வண்டி 1965 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. வண்டலூரில் செய்த வண்டி, இப்போது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நிற்கிறது. அப்பா 1974-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களை அதில் அடைத்துக்கொண்டு நாகர்கோவில் போவார். இப்போது அவருக்கு 81. "இன்னொரு தடவை இதிலேயே ஊருக்குப் போய்விட்டு வந்துவிடலாம்டா" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏறத்தாழ 700 கிலோமீட்டர்.

இரண்டு தடவை கிளம்பினோம். இரண்டு தடவையும் ரெக்கவரி வண்டியின் முதுகில் வீடு திரும்பினோம். முதல் தடவை மேல்மருவத்தூர் தாண்டி. 60-இல் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திக்கித் திக்கி நின்றது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. பத்து கிலோமீட்டரில் மறுபடியும். ஒர்க்ஷாப்பில் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார்கள். அடுத்த தடவை வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று காலை நாலு மணிக்கே கிளம்பினோம். அச்சிறுபாக்கத்தில் அதே கதை. இப்போது ஏசி பம்ப் (டேங்கிலிருந்து பெட்ரோல் இழுப்பது) புதிது, காயிலோடு வேலை செய்யும் கண்டென்சர் புதிது, பில் 11,000. ஒர்க்ஷாப்பில் அரை நாள் ஐடிலிங்கில் ஓடவிட்டார்களாம், நிற்கவே இல்லையாம்.

உள்ளூரில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டு மார்க்கெட், கோயில் என்று ஓடுகிறது. டேங்கை நிரப்பி, எலுமிச்சம்பழம் வைத்து ஊருக்குக் கிளம்பினால்தான் அதற்குக் கோபம் வருகிறது. சீட் உறை தைத்தது, தொலைந்துபோன டேங்க் மூடிக்குப் பதில் புதுப்பேட்டையில் ஒன்று வாங்கிப் போட்டது தவிர இந்த வருடம் நாங்களாக எதையும் தொடவில்லை.

கரண்டா, பெட்ரோலா, வெறும் சூடா? அப்பாவை வைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் ரோட்டோரம் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மலைரோடு:

ஏர் லாக்தான், சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது, சந்தேகமே வேண்டாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஓஸையும் அது கெடுக்கும். பம்பில் ஈரத் துணி சுற்றுங்கள். அப்புறம், வண்டி விஏ வரிசை நம்பரா, அதாவது விண்டேஜ் வண்டிக்குக் கொடுக்கும் நம்பரா? 2021-இல் வந்த விதிப்படி அந்த நம்பர் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போவதெல்லாம் அதில் வராது.

தாம்பரம்65:

பழைய நம்பர்தான் சார், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கிறேன். ஈரத் துணியும் சுற்றிப் பார்த்தோம். அப்பாவின் துண்டு கறையானதுதான் மிச்சம்.

திறந்தபானட்:

தம்பி, நான் மெக்கானிக் இல்லை, ஓய்வுபெற்ற வங்கிக்காரன். என்னிடம் ஒரு ஹெரால்டு 22 வருடம் இருந்தது. ஊட்டிக்கு நாலு தடவை, ராமேஸ்வரத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது என்று ஒரு தடவைகூடக் கிடையாது. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

வண்டி பிடிக்காமல் நிற்கிறதே, அந்த அரைமணியில் மட்டும்தான் கோளாறு கண்ணுக்குத் தெரியும். அதை டீ குடித்துக் கழித்துவிட்டு, ஆறிப்போன வண்டியை ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? கையில் இருக்கும் சாமானை மாற்றுவார்கள். மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை நின்றதும் வண்டியை நன்றாக ஓரம் கட்டி, அப்பாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு பானட்டைத் தூக்குங்கள். ஹெரால்டில் மட்கார்டும் சேர்ந்தே முன்னால் மடங்கிவிடும், முன் டயர் மேல் உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம். அம்பாசடர்க்காரர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் போகும் காயில் ஒயரைப் பிடுங்கி, காய்ந்த துணியால் பிடித்து, முனையை இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சடசடவென்று பொறி விழுந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, இளைத்துப்போய் விழுந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றில் ஒன்று. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். புது கண்டென்சர் என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள்.

பொறி சரியாக இருந்தால் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றிய ஒருவனுக்குப் புருவம் முளைக்க மூன்று மாதம் ஆனது. அது நான்தான். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஏசி பம்பில் இருக்கும் சின்னக் கை லீவரை அடியுங்கள். பெட்ரோல் பீறிட்டால் கோளாறு கார்புரேட்டரில். வறண்டு கிடந்தால் பம்பிலிருந்து டேங்க் வரைக்கும் எங்கேயோ.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நின்றுபோவதைவிட ஆபத்து. முன் சக்கரத்துக்கு உள்பக்கம், சக்கரத்தைத் தாங்கும் கம்பத்தின் அடியில் ட்ரன்னியன் என்று இருக்கிறதே, அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தவன் எல்லா நிப்பிளுக்கும் ஒரே மாதிரி அடித்துவிடுவான். மரைக்குள் எண்ணெய் போகாமல் தேய்ந்து, ஒருநாள் அந்தக் கம்பம் ஒடிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். 1993-இல் எனக்கு அப்படித்தான் ஆனது. தொப்பூர் இறக்கம் முழுக்க இறங்கிவிட்டு, டீக்கடைக்காக ஒதுக்கும்போது மடங்கியது. ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் என் மனைவி என்னை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்க முடியாது.

பத்மினிவீடு:

முதல் பதிவை யாரும் முழுசாகப் படிக்கவில்லையா? புது டேங்க் மூடி!

அந்த மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா பாருங்கள் சார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். வழியில்லாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுத்துப் பார்த்துத் தோற்றுவிடும். அரைமணியில் மூடி ஓரமாக மெல்லக் காற்றுக் கசிந்ததும் மறுபடி ஓடும். டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்றே கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நிற்கும். ஐந்து லிட்டரோடு மார்க்கெட் போனால் டேங்க் முழுக்கக் காற்று, தெரியவே தெரியாது. ஐடிலிங்கில் பெட்ரோல் மெல்லத்தான் குறையும், கசியும் காற்றே போதும். காலை நாலு மணிக்குக் கிளம்பியும் நின்றது என்றால் பிறகென்ன சூடு?

எங்கள் வீட்டுப் பத்மினி காரில் இதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பம்ப் மாற்றினோம்.

திறந்தபானட்:

சபாஷ் அம்மா. டேங்க் வரைக்கும் போய்விட்டு மூடியை மறந்துவிட்டேன்.

தாம்பரம்65:

சாத்தூரிலிருந்து எழுதுகிறேன்!

மூடியை மாற்றிவிட்டே கிளம்பலாம் என்றேன். அப்பா விடவில்லை. "அது நிற்கட்டும், பார்த்துவிடுவோம்" என்றார். நேற்று டேங்கை நிரப்பி அதே மூடியோடு கிளம்பினோம். மேல்மருவத்தூர் தாண்டியதும் சொல்லிவைத்த மாதிரி திக்கியது. டயர் மேல் உட்கார்ந்து பார்த்தேன்: பொறி நல்ல நீலம். குழாயைக் கழற்றி லீவரை அடித்தால் பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. பின்னால் போய் மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்ஸ்" என்று இழுத்தது பாருங்கள், முன் சீட்டில் இருந்த அப்பாவுக்கே கேட்டிருக்கிறது. குழாயை மாட்டி நாலு தடவை லீவர் அடித்ததும் பிடித்துக்கொண்டது. திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் கடையில் மூடியை மட்டும் கொடுத்து ஊசித் துளை போட்டோம். 20 ரூபாய். அங்கிருந்து மதுரை வரை நிற்கவே இல்லை, ராத்திரி அங்கேயே தங்கினோம்.

இன்று விருதுநகர் தாண்டியதும் பாட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. பாட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவில் பிரஷ் தேய்ந்து ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. இங்கே மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையில் வேறு ஏதோ மோட்டாரின் பிரஷ்ஷை அரத்தில் தேய்த்து இதற்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார். அப்பா ஒரு கிலோ காராச்சேவு வாங்கிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். ட்ரன்னியனுக்கு ஆயில் ஏற்றியாயிற்று சார், முன்பு கிரீஸ்தான் இருந்தது.

நாகர்கோவில் பக்கம் யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: ஆரல்வாய்மொழியில் இப்போது காற்று எப்படி அடிக்கிறது? எதிர்க்காற்றில் இது 50-ஐத் தாண்டாது. பாட்டரியை நம்பி ஹெட்லைட் போட முடியாது, இருட்டுவதற்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.