மறு: ‘பட்டினா’ – தமிழில் என்ன சொல்வது?

> செம்புக்கு வழங்கும் ‘களிம்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

> ‘துருப்படலம்’ போதும். எல்லோருக்கும் புரியும்.

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரண்டையும் நான் ஏற்கவில்லை. பட்டினா என்பது பழைய பொருளின்மேல் காலப்போக்கில் வந்து சேரும், காக்க வேண்டிய மேற்படலமும் நிறமும். வீட்டுப் பட்டறையில் பழைய தச்சுக் கருவிகளைச் சீரமைப்போருக்கான கையேட்டில் இச்சொல் வரப்போகிறது. அங்கே தவறான சொல் வந்தால் ஒரு நல்ல கருவி பாழாகும்.

‘களிம்பு’ நம் காதில் அழுக்காகவே விழுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குக் காட்டும் உவமையே செம்பின் களிம்புதான். அதைப் படிப்பவர் கை உடனே புளியையும் உப்புத்தாளையும் தேடும். ‘துருப்படலம்’ அதைவிட மோசம். எதை அகற்ற வேண்டுமோ அதன் பெயரையே, காக்க வேண்டியதற்கும் சூட்டிவிடுகிறது.

பழைய உளி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன்மேல் இரண்டு வேறு பொருள்கள் இருக்கும். செம்பழுப்பாகப் பொடிந்து உதிர்வது ஒன்று. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் அது உப்பிப் பெயர்கிறது. நுண்துளை வழியே ஈரத்தை உள்ளே விட்டு மேலும் அரிக்கிறது. மற்றொன்று, இரும்போடு ஒட்டிக் கிடக்கும் கரும்படலம். பெரும்பாலும் மேக்னடைட், அதாவது இரும்பின் கறுப்பு ஆக்சைடு. எண்ணெயும் சேர்ந்தால் ஓரளவு காப்பாகவும் நிற்கும். எண்ணெய் தடவி, ரேசர் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் முதலாவது பொடியாக வந்துவிடும், இரண்டாவது அசையாது. வினிகரில் ஊறப்போட்டாலோ அமிலம் இரண்டையும் கரைத்து, சாம்பல் நிறத்தில் வெற்றிரும்பைத் தரும். கம்பித் தூரிகையை மோட்டாரில் பூட்டித் தேய்த்தால் முத்திரையும் மழுங்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பார்கள். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய, மூசை என்னும் மண்கலத்தில் எஃகை உருக்கி வார்க்கும் முறையின் அடையாளம் அது. அந்த எழுத்து போனால் மீளாது.

ஆகவே இரும்பில் உள்ள இரண்டையும் ‘செந்துரு’, ‘கருந்துரு’ என்று பிரிக்கலாம். ஆனால் பட்டினா என்பது இரும்போடு நிற்பதில்லை. உளிப்பிடியின் மரம் கைபட்டு, வியர்வையும் எண்ணெயும் ஊறிக் கருத்துப் பளபளப்பதும் அதுவே. வெண்கலச் சிலையின் பச்சையும் அதுவே. அனைத்துக்கும் பொதுவாக நான் முன்வைப்பது ‘முதுமெருகு’.

இரும்பின் கருமை மங்கலாயிற்றே, மெருகு எப்படி என்று கேட்கலாம். மெருகு வெறும் பளபளப்பு அன்று. பழகப் பழக வந்து சேர்வதையும், ‘மெருகேறிய குரல்’ என்னும்போது, அச்சொல்லால்தான் குறிக்கிறோம். தமிழில் துரு ‘பிடிக்கிறது’, நோயும் ‘பிடிக்கிறது’, மெருகு ‘ஏறுகிறது’. பெரும்பாலும் வினையே நன்மை தீமையைப் பிரித்துக் காட்டுகிறது. கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “செந்துருவை நீக்குங்கள், முதுமெருகைத் தொடாதீர்கள்.” எந்தத் தச்சருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கையும் கையேட்டில் எழுத வேண்டும். உளியின் தட்டை முதுகிலும் இழைப்புளித் தகட்டின் முதுகிலும், கூர்முனையை ஒட்டிய பகுதியில் மட்டும் முதுமெருகையும் தேய்த்து எடுத்தாக வேண்டும். அங்கே அரிப்புக் குழி இருந்தால் எத்தனை தீட்டினாலும் முனை பல்பல்லாகவே இருக்கும்.

இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, நாமே வரவழைக்கும் கருமைக்கான சொல். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நீலக்கருமையான சேர்மமாக மாறிப் படியும்; கலம்காரித் துணியின் கறுப்பும் இதே வேதிவினைதான். இதை முதுமெருகு என்பது பொய்யாகும், காலம் தந்ததன்று. ‘கடுக்காய்க் கருமை’ என்று எழுதியிருக்கிறேன். சாயப் பட்டறைகளில் வேறு சொல் வழங்கினால், அறிந்தவர்கள் தாருங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.