பீலி தீவில் சைக்கிளும் கூடாரமும்: வழியில் எதிர்ப்பட்டவை

ஏரிக்காற்று:

கனடாவில், ஈரி ஏரிக்குள் இருக்கும் பீலி தீவுக்கு வார இறுதியில் சைக்கிளோடு போய்க் கூடாரம் போட்டவர்கள் இங்கே யார் யார்? போன இடத்தில் எதை எதிர்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். பாம்பு, பூச்சி, காற்று, மனிதர், எதுவாக இருந்தாலும் சரி. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். நானே ஆரம்பிக்கிறேன்.

காரை ஏரிக்கு வடகரையில் உள்ள லெமிங்டன் துறையிலேயே விட்டுவிட்டு, சைக்கிளும் பைகளுமாகப் படகில் ஏறினோம். கோடை வார இறுதிகளில் படகில் காருக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு. சைக்கிள்காரர்களுக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். மேற்குத் துறையில் இறங்கியதுமே தெரிந்துவிடும், தீவு முழுக்கத் தட்டை. 42 சதுர கிலோமீட்டர்தான் மொத்தம். கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றினால் 30 கி.மீ.க்குப் பக்கம் வரும். "இது என்ன, காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிடலாமே" என்றார் உடன் வந்த நண்பர்.

தெற்கே திரும்பியதும் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சோயா வயல், திராட்சைத் தோட்டம், தள்ளித் தள்ளி வீடு. தடுக்க ஒன்றுமில்லை. கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாம் பின்னால் தொங்க, கடைசி கியரில் மிதித்தும் வண்டி நகர்வேனா என்றது. மலைப்பாதை என்றால் ஏறி முடித்ததும் ஒரு இறக்கம் வரும். எதிர்காற்றில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மறுநாள் வேறு மாதிரி செய்தோம். கிழக்குக் கரையில் ஈஸ்ட் பார்க் முகாம் திடலில் சுமையை இறக்கி வைத்துவிட்டு, காற்று எழும்புவதற்கு முன்னால் அது வரும் திசையைப் பார்த்துக் கிளம்பினோம். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்தது.

அந்தக் காலையில்தான் ப்ளூ ரேசர் பாம்பைப் பார்த்தேன். சரளைச் சாலை, வெயில் அப்போதுதான் விழத் தொடங்கியிருந்தது. முன்னால் போன நண்பர் சட்டென்று பிரேக் பிடித்து, பின்பக்கம் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். சாலைக்குக் குறுக்கே கிடந்தது. நீலமும் சாம்பலும் கலந்த முதுகு, வெளுத்த வயிறு, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. எப்படியும் நாலடிக்குக் குறையாது. நாங்கள் நின்றதும் தலையை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி எங்கள் பக்கம் வைத்தது. நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து போனது. அப்புறம் ஒரே இழுப்பு, புல்லுக்குள் போய்விட்டது. செல்பேசியை எடுக்கக்கூட நேரம் தரவில்லை.

கனடாவில் இந்தப் பாம்பு மிஞ்சியிருப்பது இந்த ஒரு தீவில்தான். வெயில் காயச் சாலைக்கு வருவதும், வண்டியில் அடிபடுவதும் அதற்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்று. அதனால் எந்தச் சாலை, எந்த வளைவு என்று எழுதமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். படம் போடுவதென்றால் இடக்குறியை நீக்கிவிட்டுப் போடுங்கள். பிடித்துக்கொண்டு போய் விற்கிறவர்களும் இணையத்தில்தான் தேடுகிறார்கள்.

வடக்குவாசி:

பாம்பு என்று தொடங்கியபடியால் எங்கள் கதையையும் கேளுங்கள். ரொறன்ரோவில் இருந்து பிள்ளைகளோடு போயிருந்தோம். பின்னேரம், சின்னவள் கூடாரத்துக்குப் பின்னால் விறகு பொறுக்கிக்கொண்டு நின்றாள். திடீரென்று "அப்பா, சருகுக்குள்ள ஏதோ கிலுகிலுக்குது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மஞ்சள் உடம்பில் கபிலநிறப் பெரிய புள்ளிகள், செம்மை படர்ந்த தலை, நல்ல தடிப்பான பாம்பு. வாலை விடாமல் அதிர்த்துக்கொண்டு கிடந்தது. காய்ந்த சருகில் பட்டு வந்த சத்தம் அச்சொட்டாகக் கிலுகிலுப்பைப் பாம்பின் சத்தம்தான்.

பக்கத்துக் கூடாரத்து மனிதர் கயாக் துடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். நல்ல காலம், என் மனைவி குறுக்கே நின்று மறித்துவிட்டா. வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னமே அவ எல்லாவற்றையும் வாசித்து வைத்திருந்தா. அது ஃபாக்ஸ் ஸ்னேக். நஞ்சு கிடையாது. பயந்தால் வாலை ஆட்டிப் பயமுறுத்தும், அவ்வளவுதான். இந்தத் தீவில் இப்போது நச்சுப் பாம்பென்று ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வாலாட்டலை நம்பி எத்தனை பேர் இதை அடித்துக் கொன்றிருப்பார்களோ தெரியாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம் இது, அடித்தால் குற்றம். துடுப்புக்காரருக்கு அதைச் சொன்ன பிறகுதான் துடுப்பு கீழே இறங்கியது. பாம்பு ஆறுதலாக விறகுக் குவியலைச் சுற்றிக்கொண்டு போனது. சின்னவள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள், அதை இங்கே எழுதினால் என்னோடு கோபிப்பாள்.

மூன்றிலை:

எல்லாரும் பாம்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். தெற்கே ஃபிஷ் பாயிண்ட் பாதையில் நான் பார்த்தது என்னவென்றால், பாம்புக்குப் பயந்து சத்தம் போட்டுக்கொண்டே நடந்தவர்கள் அரைக்கால் சட்டையோடு பாய்சன் ஐவிக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது தரையிலும் படர்கிறது, மரத்திலும் ஏறுகிறது. மூன்று மூன்றாக இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். சைக்கிளைப் புதரில் சாய்த்து வைத்தால் அதன் எண்ணெய் ஹாண்டில்பாரில் ஒட்டி, அப்புறம் கைக்கு வரும். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

உண்ணியும் உண்டு. அதில் கறுப்புக்கால் உண்ணி என்ற வகை கடித்து லைம் நோயைப் பரப்பும். இரவு படுக்கும் முன் முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதுக்குப் பின்னால், எல்லாம் தடவிப் பாருங்கள்.

அந்தி மிதிப்பான்:

ஜூன் கடைசியில் போனேன். எச்சரிக்கையாகவே எழுதுகிறேன்: வாயை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டுப் போங்கள்.

மேஃப்ளை. அந்தப் பக்கத்து ஆட்கள் ஃபிஷ் ஃப்ளை என்கிறார்கள். ஏரியின் அடிச்சேற்றில் ஒன்றிரண்டு வருடம் புழுவாகக் கிடந்துவிட்டு, ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் மேலே வருகின்றன. நம் ஊரில் மழை விட்டதும் விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு ஏரியளவு ஈசல். மேலே எழும்பும் கூட்டம் வானிலை ரேடாரில் மேகம் மாதிரித் தெரியும் அளவுக்கு இருக்கும். நான் அந்தியில் தீவின் வடகரையில் உள்ள ஸ்கடர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். முன்விளக்கைப் போட்டதுதான் தாமதம், கண்ணாடி, கழுத்து, சட்டைக்குள் என்று எல்லா இடத்திலும் வந்து ஒட்டிக்கொண்டன. கடிக்காது. வளர்ந்த மேஃப்ளைக்கு உண்ணும் வாயே கிடையாது. ஓரிரு நாளில் இணைந்து முட்டையிட்டுச் செத்துவிடும். ஆனால் செத்தவை சாலையில் குவிந்து கிடக்கும்போது டயர் வழுக்குகிறது. நொறுங்கும் சத்தமும் மீன் வாடையும் சேர்ந்தே வரும். வளைவில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அவ்வளவு வழுக்கல்.

கூடாரத்தில் வெள்ளை விளக்கு வேண்டாம். சிவப்பு விளக்குக்கு வரத்துக் குறைவு.

அருவருப்பாக இருந்தாலும் எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. 1953இல் ஏரியின் மேற்குப் பகுதியில் அடிநீரில் ஆக்சிஜன் வற்றிப்போய் இவை கூட்டமாக அழிந்தன. பிறகு பல பத்தாண்டுகள் இந்தக் காட்சியே இல்லை. ஏரி ஓரளவு சுத்தமான பிறகு, 1990களில்தான் திரும்பி வந்தன. இவை வராத வருடம்தான் கவலைப்பட வேண்டிய வருடம். அதை மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறேன், சரியா.

படகுக்குக் காத்தவள்:

காற்றைப் பற்றி ஏரிக்காற்று எழுதியது பாதிதான். மீதிப் பாதி படகு. ஈரி ஏரி பெருங்கடல் மாதிரி அகலமாக இருந்தாலும் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் இதுதான் ஆழம் குறைந்தது. பீலி இருக்கும் மேற்குப் பகுதியில் சராசரி ஆழம் 7 மீட்டரைப் பெரிதாகத் தாண்டாது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று கொஞ்சம் பலத்தாலே அலை குட்டை குட்டையாக, நெருக்கமாக, முரட்டுத்தனமாக எழும். ஞாயிறு மதியப் படகு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை வேலை இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாப்பாட்டில் ஒரு வேளையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். தீவில் கடைகள் சொற்பம், சீக்கிரமே அடைத்துவிடுவார்கள்.

எனக்கு அந்தத் தாமதம் நல்லதாகவே போயிற்று. துறையில் காத்துக்கொண்டிருந்தபோது ஒரு முதிய விவசாயி பேச்சுக் கொடுத்தார். "நீங்கள் சைக்கிள் ஓட்டி வந்த நிலம் பாதி ஏரி மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, தெரியுமா?" என்றார். தீவின் பெரும்பகுதி முன்பு சதுப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாய் வெட்டி, கரையில் அணை போட்டு, தண்ணீரை இறைத்து வயலாக்கினார்கள். இன்றும் மழைநீரை பம்ப் வைத்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கரையோரச் சாலையில் போகும்போது ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் வயலும் இருந்ததை நான் பார்த்திருந்தேன், எது மேலே எது கீழே என்று கவனிக்கவே இல்லை. அவர் சொன்ன பிறகு படகு வரும்வரை வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி அதே சாலைக்குப் போனேன். சாலையில் நின்று பார்த்தால் வயல் நிஜமாகவே தாழ்வு. கால்வாய்த் தவளைகள் சைக்கிள் சத்தம் கேட்டதும் வரிசையாகத் தண்ணீருக்குள் குதித்தன, ஒன்று குதித்தால் அடுத்தது, அடுத்தது என்று நான் போகப் போக.

1838 மார்ச் 3ஆம் தேதி இந்தத் தீவைப் பிடிக்க வந்த அமெரிக்கப் பக்கத்து ஆட்களோடு பிரிட்டிஷ் படை உறைந்த ஏரியின் மேல் நின்று சண்டை போட்டதையும் அவர்தான் சொன்னார். படகு இல்லாத குளிர்காலத்தில் இப்போது சிறு விமானம் வருகிறதாம். நிலையாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான்.

தென்முனை:

நான் எதிர்கொண்டது என் செல்பேசி. ஃபிஷ் பாயிண்ட் மணல் முனையில் நிற்கிறேன், "அமெரிக்காவுக்கு வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி. ஒஹாயோ பக்கத்துக் கோபுரம் பிடித்துக்கொள்கிறது. ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பில்லில் தெரியும். அந்த முனையில் இரண்டு பக்க அலையும் வந்து மோதும் இடம் பார்க்க அழகு, ஆனால் இறங்கி நீந்துகிற இடம் இல்லை.

இன்னொன்று. இலையுதிர் காலத் தொடக்கத்தில் போனோம். இரவு பத்து மணிக்கு எங்கள் குழுவில் ஒருவர் "அரோரா! அரோரா!" (துருவ ஒளி) என்று எல்லோரையும் எழுப்பினார். வடக்கே வானம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. அரை மணி நேரம் படம் எடுத்தோம். நிறம் அசையவே இல்லை, அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. அது லெமிங்டன், கிங்ஸ்வில் பக்கத்துப் பசுமைக்குடில்கள். தக்காளி, மிளகாய், வெள்ளரிக்கு இரவில் போடும் விளக்கு மேகத்தில் பட்டுத் தெரிகிறது. அவர் இன்னும் அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்திருக்கிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தால் நல்ல இருட்டு. நட்சத்திரத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமாக உட்காருங்கள்.

கரைக்குளியல்:

பாம்புக்கு மறுபடி வருகிறேன், மன்னிக்கவும். குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீரில் ஒன்று என்னைத் தாண்டிப் போனது, வாயில் ஒரு மீன். ஈரி ஏரி நீர்ப்பாம்பு. இந்த மேற்குப் பகுதித் தீவுகளிலும் சுற்றுக் கரையிலும்தான் இருக்கிறது. கரைக்கு இழுத்து வந்து கல்லின் மேல் வைத்து, தலைப்பக்கமாகத் திருப்பித் திருப்பி விழுங்கியது. மீன் ரவுண்ட் கோபி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரில் வந்து சேர்ந்த அந்நிய மீன். ஏரிக்கு அது தொல்லைதான், ஆனால் இந்தப் பாம்புக்கு யோகம். இப்போது அது தின்பதில் பெரும்பகுதி கோபிதான். எண்ணிக்கை தேறியதால் அமெரிக்காவில் 2011இல் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நஞ்சில்லை, ஆனால் பிடித்தால் கடிக்கும். கல்லிடுக்கில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

வடக்குவாசி, உங்களிடம் ஒரு கேள்வி. பிள்ளைகளை சைக்கிள் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனீர்களா? சரளையில் சரிப்படுமா?

வடக்குவாசி:

சின்னவளுக்கு டிரெய்லர், பெரியவன் தன் சைக்கிளில். சரிப்படும். ஆனால் மெல்லிய ரோட் டயர் கொண்டு வர வேண்டாம். 35 மில்லிமீட்டருக்கு மேல் போடுங்கள், காற்றையும் கொஞ்சம் குறைத்து விடுங்கள். டிரெய்லரின் முன் வலையை மூடியே வையுங்கள், சரளைக் கல்லும் தெறிக்கும், ஜூனில் போனால் ஃபிஷ் ஃப்ளையும். எதிர்காற்றுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.