டேங்கில் புலி முகம்: மீசைக் கோடு சிதறுகிறது, நெருப்பு எரியவில்லை. உதவி தேவை

மதுரை_டேங்க்:
வணக்கம். தம்பியின் புல்லட் டேங்குக்கு ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தெளித்து வரைவது) செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இடதுபக்கம் புலி முகம், வலதுபக்கம் கறுப்பின் மேல் நெருப்பு. 0.3 மி.மீ. நாசில், டபுள் ஆக்‌ஷன் கன் (லிவரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்), காற்றுத் தொட்டி இல்லாத சின்ன கம்ப்ரஸர், காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ, தண்ணீரில் கரையும் வாட்டர் பேஸ் பெயிண்ட்.

மீசை இழுத்தால் கோடு நிற்காமல் சிலந்திக்கால் போல இருபக்கமும் ஓடுகிறது. நடுவில் திடீரென்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கிறது. நெருப்புக்கு ஆரஞ்சிலும் மஞ்சளிலும் வெள்ளை கலந்து அடித்தேன், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கிறது. தம்பி கல்யாணத்துக்குள் முடிக்க வேண்டும். படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய_பெயிண்டர்:
தம்பி, மீசைக்கு 30 அதிகம். 15 பக்கம் இறக்குங்கள். கன் முனை டேங்கிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முதலில் காற்று மட்டும் வரவேண்டும், கை நகர ஆரம்பித்த பிறகுதான் லிவரை மயிரளவு பின்னால் இழுக்க வேண்டும். நீங்கள் கையை நிறுத்தி வைத்துப் பெயிண்டைத் திறக்கிறீர்கள், படத்தில் ஒவ்வொரு மீசையின் வேரிலும் குண்டு விழுந்திருப்பதே சாட்சி. பழைய சைடு பேனல் ஒன்றுக்குக் கறுப்படித்து, அதில் ஐம்பது கோடு இழுத்துப் பாருங்கள். கை பழகிய பிறகு டேங்குக்கு வாருங்கள்.

தண்ணீர் மழைக்கால ஈரம். சூடான காற்று ஓஸில் போகப் போகக் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அதனால் வடிகட்டியைக் கம்ப்ரஸர் பக்கம் மட்டும் வைத்தால் போதாது, கன் பக்கத்திலும் ஒன்று மாட்டுங்கள்.

முதுமலைப்_பையன்:
அண்ணா, புலி அழகாக வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று: கண்மணியை வீட்டுப் பூனை மாதிரி நெட்டுக்கீற்றாகப் போட்டிருக்கிறீர்கள். புலிக்கு அது வட்டம். கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு வேண்டும், அது இல்லாததால்தான் முகம் தூங்குகிற மாதிரி இருக்கிறது. வரிகளையும் ஸ்கேல் வைத்தது போல இழுக்காதீர்கள். கன்னம் உருளும் பக்கம் அவையும் வளைந்து போகும், இடதும் வலதும் ஒன்றுபோல இருக்காது.

மதுரை_டேங்க்:
கண்ணை நான் கவனிக்கவே இல்லை, நன்றி தம்பி. அண்ணே, நெருப்புக்கு வழி சொல்லுங்கள்.

பழைய_பெயிண்டர்:
வெள்ளை கலந்ததுதான் தப்பு. வெள்ளை சேர்ந்தால் ஒளி செத்துவிடும். நெருப்புக்கு ஒளி கொடுப்பது கேண்டி, அதாவது அடியில் இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரியான வண்ணம். கறுப்பின் மேல் கெட்டி ஆரஞ்சில், அதாவது அடி தெரியாத சாதா ஆரஞ்சில், தீ நாக்குகளைத் தளர்வாக, அங்கங்கே அறுந்து போகிற மாதிரி வரையுங்கள். அதன் மேல் முழுக்கக் கேண்டி சிவப்பு. எல்லாம் பின்னால் போய் மங்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் அதே நாக்குகளின் உள்ளே, கொஞ்சம் குறைவான இடத்தில் மறுபடி கெட்டி ஆரஞ்சு, அதன் மேல் கேண்டி ஆரஞ்சு. கடைசியாக நாக்குகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் மட்டும் மஞ்சள், அதன் மேல் கேண்டி மஞ்சள். ஓரங்களை வளைவாக வெட்டிய அட்டையை வைத்து அடித்தால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகையாகவும் வரும். இந்த ஆழம் ஒரே பூச்சில் வராது.

மதுரை_டேங்க்:
கண்ணைத் திருத்திவிட்டேன், நெருப்பும் உயிர் பெற்றுவிட்டது. மனம் நிறைந்துவிட்டது அண்ணே. ஆனால் மாதிரிப் பேனலில் க்ளியர் (படத்தைக் காக்கும் நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும் சுருக்கம் விழுந்தது. என்ன செய்ய?

பழைய_பெயிண்டர்:
வாட்டர் பேஸுக்குள் ஈரம் இருக்கும்போதே முதல் க்ளியர் பூச்சை ஊற்றிவிட்டீர்கள். மேலே தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே காயாது. ஒவ்வொரு பெயிண்ட் பூச்சுக்கும் ஹேர் டிரையர் காட்டுங்கள், மழை நாளில் ஒரு ராத்திரி விடுங்கள். முதல் க்ளியர் தூசி மாதிரி லேசாக, அது ஒட்டிக்கொண்ட பிறகே ஈரமான முழுப் பூச்சு. சுருங்கிய பேனலின் மேல் மறுபடி அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சமமாக்கித்தான் அடிக்க வேண்டும்.

ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த இரண்டு பாகக் க்ளியரே வாங்குங்கள். மற்றது பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும், மூடியைச் சுற்றி முதலில் உரியும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். வாயில் துண்டு கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். கரி வடிகட்டி மாஸ்க் குறைந்தபட்சம், கண்ணாடி, கையுறை, திறந்த வெளி. டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டுத்தானே அடிக்கிறீர்கள்?

மதுரை_டேங்க்:
கழற்றி மாடியில் வைத்திருக்கிறேன் அண்ணே, பெட்ரோல் சுத்தமாக வடித்தாகிவிட்டது. மாஸ்க் நாளைக்கு வாங்கிவிடுகிறேன், அதுவரை க்ளியரைத் தொடமாட்டேன்.